சட்டையைத் தாண்டி எட்டிப் பார்க்கும் முழங்கை: கேம் கேரக்டருக்கு உடை மாட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

போனில் கேம் விளையாடுபவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. ஆசையாக ஒரு ஜாக்கெட் வாங்கி கேரக்டருக்கு மாட்டியிருப்பீர்கள். லாபியில் நிற்கும்போது அட்டகாசமாக இருக்கும். ஆட்டம் ஆரம்பித்து, கேரக்டர் கையை மடக்கித் துப்பாக்கியைத் தூக்கியதும் முழங்கை மட்டும் துணியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். உட்கார்ந்தால் தொடை பேன்ட்டுக்கு வெளியே வரும்.

உங்கள் போனில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த உடையைச் செய்தவர், அதை உடம்போடு சேர்த்து அசைய வைக்கும் வேலையில் ஒரு சின்ன வித்தியாசத்தை விட்டிருக்கிறார். எவ்வளவு சின்னது? பத்து சதவீதம் போதும். கணக்கைக் கீழே பார்க்கலாம்.

சின்ன விஷயம்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. ஏனென்றால் இன்றைக்கு கேம் உலகத்தில் காசு புரள்வதே உடையில்தான். ஃபோர்ட்நைட் கேம் இலவசம். அதில் விற்பது பெரும்பாலும் உடை, நடனம் போன்ற அலங்காரங்கள்தான். அவற்றால் ஆட்டத்தில் கூடுதல் பலம் எதுவும் கிடைக்காது. ஆனாலும் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் அந்த கேம் 900 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்த்தது. ஆப்பிளுக்கும் எபிக் கேம்ஸுக்கும் நடந்த வழக்கில்தான் இந்தக் கணக்கு வெளியே வந்தது.

இன்னொரு பக்கம், இந்த உடைகளைச் செய்யும் கருவி இப்போது யார் கைக்கும் எட்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரூசண்டால் உருவாக்கியது. 2002இல் பொதுமக்களிடம் 1 லட்சம் யூரோ திரட்டி, அதன் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படமான 'ஃப்ளோ' இதே பிளெண்டரில் செய்யப்பட்டதுதான். அதனால் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கேரக்டர் உடை செய்து, யூனிட்டி அசெட் ஸ்டோர், ஃபேப் மாதிரியான ஆன்லைன் சந்தைகளில் விற்கலாம். ஆனால் வாங்குபவர் அதைத் தன் கேமில் போட்டுப் பார்த்ததும் தோள் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று பிய்த்துக்கொண்டு நின்றால்? ஒரு ஸ்டார், பணம் வாபஸ், அவ்வளவுதான்.

உடம்புக்கு எலும்பு உண்டு, சட்டைக்கு?

கேமில் நீங்கள் பார்க்கும் கேரக்டர் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு. ஆயிரக்கணக்கான புள்ளிகளை வலைபோல இணைத்து, மேலே தோல் படத்தை ஒட்டியிருப்பார்கள். அந்த வலைக்குப் பெயர் மெஷ். அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத எலும்புக்கூடு ஒன்று இருக்கும். இடுப்பு, முதுகு, தோள், மேல்கை, முன்கை என்று வரிசையாக எலும்புகள். இந்தக் கூட்டைத் தயார் செய்வதுதான் ரிக்கிங்.

நடப்பது, ஓடுவது, சுடுவது எல்லாம் இந்த எலும்புகளின் அசைவுதான். எலும்பு அசையும்போது மேலே இருக்கும் புள்ளிகளும் கூடவே போக வேண்டும். எந்தப் புள்ளி எந்த எலும்பின் பின்னால் எத்தனை சதவீதம் போக வேண்டும் என்று எழுதி வைக்கிறார்கள். அந்த எண்ணுக்கு வெயிட் என்று பெயர். முன்கையின் நடுவில் இருக்கும் புள்ளி, முன்கை எலும்பை 100 சதவீதம் பின்தொடரும். முழங்கை மடிப்பில் இருக்கும் புள்ளி பாதி மேல்கை, பாதி முன்கை.

பொம்மலாட்டத்தில் பொம்மையின் கையைத் தூக்கினால் அதன் துணியும் தானாக எழும்பும். கேமில் அந்தத் 'தானாக' கிடையாது. சட்டையும் இன்னொரு மெஷ், அவ்வளவுதான். உடம்பு உள்ளே இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. உடம்பு எந்த எலும்புக்கூட்டை வைத்து அசைகிறதோ, அதே கூட்டை வைத்துத்தான் சட்டையும் அசைய வேண்டும். சட்டையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக வெயிட் எழுத வேண்டும்.

அந்தப் பத்து சதவீதக் கணக்கு

கேரக்டர் முழங்கையை 90 டிகிரி மடக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டில் இருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, முன்கைத் தோலில் ஒரு புள்ளி. அது முன்கை எலும்பை 100 சதவீதம் பின்தொடர்கிறது. கை மடங்கியதும், அந்தப் புள்ளி பழைய இடத்தில் இருந்து நேர்கோட்டில் சுமார் 14 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

அதே இடத்தில் மேலே இருக்கும் சட்டைப் புள்ளிக்கு, யாரோ 90 சதவீதம் முன்கை, 10 சதவீதம் மேல்கை என்று எழுதிவிட்டார்கள். அது நகர்வது சுமார் 12.6 சென்டிமீட்டர்தான். அதாவது தோல் போன இடத்துக்கும் சட்டை போன இடத்துக்கும் நடுவே 1.4 சென்டிமீட்டர் வித்தியாசம். தோலுக்கும் சட்டைக்கும் இடையே ஆரம்பத்தில் இருந்த இடைவெளியே அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அப்புறம் எட்டிப் பார்க்காமல் என்ன செய்யும்?

புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிளெண்டரில் 'ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. உடம்புக்கு அது ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். அந்தத் தைரியத்தில் சட்டைக்கும் தனியாக அதையே அழுத்திவிடுவார்கள். மென்பொருள் சட்டையின் வடிவத்தைப் பார்த்துப் புதிதாகக் கணக்குப் போடும். சட்டையின் வடிவம் வேறு, உடம்பின் வடிவம் வேறு. எண்களும் வேறாகத்தான் வரும்.

சரியான வழி, உடம்பின் வெயிட்டை அப்படியே சட்டைக்குக் காப்பி அடிப்பது. இங்கே காப்பி அடிப்பதில் தப்பே இல்லை, அதுதான் நல்ல வேலை. பிளெண்டரில் இதற்கு 'டேட்டா டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு மாடிஃபையர் இருக்கிறது. சட்டையின் ஒவ்வொரு புள்ளிக்கும் உடம்பில் மிக அருகில் இருக்கும் இடத்தைத் தேடி, அங்கே உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளும். உடம்பும் சட்டையும் ஒரே மாதிரி நகரும், எட்டிப் பார்க்கும் பிரச்னையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அக்குள், பாவாடை, பொத்தான்: காப்பி அடித்தாலும் தப்பும் இடங்கள்

'மிக அருகில்' என்பது எப்போதும் சரியான இடமாக இருக்காது. கையைத் தொங்கவிட்ட நிலையில் கேரக்டரைச் செய்திருந்தால், சட்டையின் விலாப் பக்கத்துக்கு அருகில் இருப்பது விலாவாகவும் இருக்கலாம், கையாகவும் இருக்கலாம். கையின் எண்ணை எடுத்துக்கொண்டால், கை தூக்கும்போது விலாத் துணியும் வவ்வால் இறக்கை மாதிரி கூடவே வரும். கேரக்டர்களை எப்போதும் கையை விரித்த நிலையிலேயே செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாவாடை இன்னும் மோசம். இரண்டு காலுக்கும் நடுவே தொங்கும் துணிக்கு எந்தக் கால் அருகில்? இடது பாதி இடது காலையும், வலது பாதி வலது காலையும் பிடித்துக்கொள்ளும். ஒரு அடி எடுத்து வைத்ததும் பாவாடை பேன்ட்டாக மாறி நடுவில் விறைத்து நிற்கும். அந்த இடத்தில் இரண்டு கால்களின் பங்கையும் மெதுவாகக் கலந்து, மேலே போகப்போக இடுப்பு எலும்புக்குக் கொடுக்க வேண்டும். இதைக் கையால்தான் செய்தாக வேண்டும். வெயிட் பெயின்ட் என்ற முறையில் பிரஷ் பிடித்துத் தீட்டுவார்கள். நீலம் என்றால் பூஜ்ஜியம், சிவப்பு என்றால் முழுசு.

பொத்தான், பெல்ட் பக்கிள் போன்ற கெட்டியான பொருள்களுக்கு நேர்மாறான விதி. ஒரு பொத்தானின் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே வெயிட் இருக்க வேண்டும். கொஞ்சம் வேறுபட்டாலும் கேரக்டர் குனியும்போது பொத்தான் ரப்பர் மாதிரி இழுபடும்.

இதெல்லாம் செய்த பிறகும் அங்கங்கே தோல் தெரியலாம். அதற்கு ஸ்டுடியோக்கள் செய்வது ரொம்பச் சாதாரணமான தந்திரம்: சட்டைக்குள் மறையும் உடம்பையே நீக்கிவிடுவது. முழுக்கைச் சட்டை போட்ட கேரக்டருக்கு உள்ளே மார்பும் இல்லை, மேல்கையும் இல்லை. இல்லாத முழங்கை எப்படி எட்டிப் பார்க்கும்! வரைய வேண்டிய புள்ளிகளும் குறைவதால் போனுக்கும் சுமை குறையும். உடை மாற்றும் வசதி உள்ள கேம்களில் நீக்கிவிட முடியாது. உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்துவைத்து, எந்த உடைக்கு எந்தத் துண்டை மறைப்பது என்று பட்டியல் போட்டிருப்பார்கள்.

பிளெண்டரில் நன்றாக இருந்தது, கேம் எஞ்சினில் ஏன் படுத்துக்கொண்டது?

உடை தயார். இனி அதை யூனிட்டி, அன்ரியல் போன்ற கேம் எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது எஃப்பிஎக்ஸ் என்ற கோப்பு வடிவம். கனடாவின் கைடாரா நிறுவனம் உருவாக்கியது. 2006இல் இருந்து ஆட்டோடெஸ்க் கையில் இருக்கிறது. ஆட்டோடெஸ்க் தரும் நிரல் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ள பிளெண்டரின் திறந்த உரிமம் இடம் கொடுக்கவில்லை. அதனால் பிளெண்டர்காரர்கள் அந்தக் கோப்பைத் தாங்களே அலசிப் பார்த்து, சொந்தமாக எழுதிக்கொண்டார்கள். சின்னச் சின்ன உரசல்கள் வருவதற்கு இது ஒரு காரணம்.

முதல் உரசல், மேல் எது கீழ் எது என்பதிலேயே ஆரம்பிக்கும். பிளெண்டரில் உயரத்தைக் குறிப்பது இசட் அச்சு. யூனிட்டியில் ஒய் அச்சு. இதைச் சரியாக மாற்றாமல் அனுப்பினால் கேரக்டர் மல்லாக்கப் படுத்துக்கொள்ளும், இல்லையென்றால் நிமிர்ந்து நின்றாலும் உள்ளே 90 டிகிரி திருப்பம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது அளவு. பிளெண்டரிலும் யூனிட்டியிலும் 1 என்றால் 1 மீட்டர். அன்ரியலில் 1 என்றால் 1 சென்டிமீட்டர். நடுவில் 100 மடங்கு வித்தியாசம். அனுப்பும்போது ஏதோ ஒரு இடத்தில் இந்த நூறைச் சேர்க்க வேண்டும். உடம்பு ஒரு கோப்பிலும் சட்டை இன்னொரு கோப்பிலும், வேறுவேறு அமைப்பில் போனால் எறும்பு உடம்புக்கு யானைச் சட்டை. ஏற்றுமதிக்கு முன்னால் பிளெண்டரில் கன்ட்ரோல் ஏ அழுத்தி, அளவையும் திருப்பத்தையும் உறுதி செய்துவிடுங்கள். உடம்புக்கு வைத்த அதே ஏற்றுமதி அமைப்பைச் சட்டைக்கும் வையுங்கள். அனிமேஷன் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. பிறகு அளவை மாற்றினால் அசைவுகள் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

ஏற்றுமதிப் பட்டியலில் 'ஆட் லீஃப் போன்ஸ்' என்று ஒரு டிக் இருக்கும். பிளெண்டர் அதைத் தானாகவே போட்டு வைத்திருக்கும். விரல் நுனி, தலை உச்சி என்று ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் தேவையில்லாமல் ஒரு எலும்பைச் சேர்க்கும். கேம் எஞ்சினுக்கு அனுப்பும்போது அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

வெளியில் தெரியாமல் கெடுக்கும் விஷயம் இன்னொன்று உண்டு. பிளெண்டரில் ஒரு புள்ளியை எத்தனை எலும்புடன் வேண்டுமானாலும் இணைக்கலாம். யூனிட்டி வழக்கமான அமைப்பில் நான்கைத்தான் ஏற்றுக்கொள்ளும். ஐந்தாவது, ஆறாவது எலும்பின் சின்னப் பங்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மீதியை மறுபடி 100 சதவீதமாக்கிக்கொள்ளும். மேலே பார்த்த கணக்கு ஞாபகம் இருக்கிறதா? பிளெண்டரில் கச்சிதமாக இருந்த தோள்பட்டை, எஞ்சினுக்குள் போனதும் லேசாகப் பிசகுவது இதனால்தான். பிளெண்டரிலேயே 'லிமிட் டோட்டல்' என்ற வசதியில் நான்காகக் குறைத்துவிட்டால், என்ன வரப்போகிறது என்பதை அங்கேயே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

கைச்சட்டையின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி காணாமல் போவதும் அடிக்கடி வரும் புகார். துணியைத் தடிமன் இல்லாத ஒற்றைப் படலமாகச் செய்திருப்பார்கள். பிளெண்டர் இரண்டு பக்கமும் காட்டும், கேம் எஞ்சின்கள் வேலையை மிச்சம் பிடிக்க வெளிப்பக்கத்தை மட்டும் வரையும். கழுத்து, கை, ஓரம் என்று உள்பக்கம் தெரியும் இடங்களில் மட்டும் கொஞ்சம் மடித்துத் தடிமன் கொடுத்தால் போதும்.

எஃப்பிஎக்ஸுடன் மல்லுக்கட்ட வேண்டாம் என்பவர்களுக்கு ஜிஎல்டிஎஃப் என்ற திறந்த வடிவம் இருக்கிறது. 2017இல் வந்த அதன் இரண்டாவது பதிப்பு, அளவு மீட்டர்தான், மேல் என்பது ஒய்தான் என்று விதியிலேயே எழுதிவிட்டது. இலவச எஞ்சினான கோடோவில் வேலை செய்பவர்கள் தாராளமாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

சட்டை வந்துவிட்டது, ஆனால் அசையவே மாட்டேங்குதே?

கேரக்டர் ஓடுகிறது, சட்டை மட்டும் கையை விரித்தபடி நின்ற இடத்திலேயே நிற்கிறது. யூனிட்டியில் உடை மாற்றும் கேம் செய்யும் பலரும் இந்தச் சுவரில் மோதுவார்கள்.

சட்டையைத் தனிக் கோப்பாக அனுப்பும்போது, அதனுடன் எலும்புக்கூட்டின் ஒரு நகலும் வருகிறது. சட்டை தன்னுடைய நகல் கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஓடுவது உடம்பின் கூடு. சட்டையை இழுத்துக் கேரக்டருக்குக் கீழே போட்டுவிட்டால் மட்டும் இது சரியாகாது. சட்டை வைத்திருக்கும் எலும்புப் பட்டியலில் ஒவ்வொன்றின் பெயரையும் பார்த்து, உடம்பின் கூட்டில் அதே பெயருள்ள எலும்பை எடுத்து, அதே வரிசையில் மாற்றி வைக்க வேண்டும். சில வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். அன்ரியலில் இதற்கு 'லீடர் போஸ்' என்ற வசதி தயாராகவே இருக்கிறது. உடம்பு தலைவர், சட்டை அதைப் பார்த்து ஆடும்.

இரண்டிலும் எலும்புகளின் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு புள்ளியோ இடைவெளியோ கூடிப்போனால் அந்த எலும்பு வேறு, இந்த எலும்பு வேறு. சட்டை முழுவதும் ஓடும், இடது தோள் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

ரோப்ளாக்ஸ் இந்தப் பிரச்னையை வேறு மாதிரி அணுகியது. அங்கே குட்டை, நெட்டை, குண்டு என்று எல்லா வடிவத்துக்கும் ஒரே சட்டை பொருந்தியாக வேண்டும். அதனால் உடை செய்பவர் சட்டையுடன் கூண்டு மாதிரி இரண்டு கூடுகளையும் சேர்த்து அனுப்புகிறார். உள்கூடு உடம்பைத் தொடும் பக்கம், வெளிக்கூடு வெளிப்பக்கம். எந்த உடம்பில் மாட்டினாலும் உள்கூடு அதன் வடிவத்துக்கு இழுபடும், சட்டையும் கூடவே இழுபடும். சட்டைக்கு மேலே ஜாக்கெட் போட்டால், சட்டையின் வெளிக்கூட்டில் ஜாக்கெட்டின் உள்கூடு உட்காரும்.

சேலை, வேட்டிக்கு என்ன செய்வது?

இதுவரை சொன்னது எல்லாம் உடம்பை ஒட்டிய துணிக்குப் பொருந்தும். முந்தானை உடம்பை ஒட்டுவதில்லை. அது தொங்கும், காற்றில் பறக்கும், ஓடும்போது பின்தங்கும். உடம்பின் வெயிட்டைக் காப்பி அடித்தால் முதுகில் ஒட்டிய பலகையாகத்தான் தெரியும்.

பிளெண்டரில் துணியை நிஜம்போல் பறக்கவைக்கும் சிமுலேஷன் உண்டு. ஆனால் அந்த அமைப்பு எஃப்பிஎக்ஸ் வழியாக எஞ்சினுக்குப் போகாது. யூனிட்டியிலும் அன்ரியலிலும் அவற்றுக்கென்றே துணி இயற்பியல் வசதிகள் இருக்கின்றன. அங்கே மறுபடி முதலில் இருந்து அமைக்க வேண்டும். கணக்கும் கனமானது. விலை குறைந்த போனில் ஓட வேண்டிய கேமுக்கு அதை நம்பி இறங்குவதை விட, முந்தானைக்குள் நான்கைந்து எலும்புகளைச் சங்கிலி போல வைத்து, அவற்றை மட்டும் எஞ்சினில் ஊசலாட விடுவது மேல். பார்க்க முக்கால்வாசி நிஜமாக இருக்கும். வேட்டியின் முன்மடிப்புக்கும் இதே வைத்தியம்தான். சேலையின் கொசுவத்தைத் தனித்தனி மடிப்பாகச் செய்யாமல், ஒரே துணியில் மேடு பள்ளமாகச் செதுக்கிவிட்டால் மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும் தொல்லையும் இருக்காது.

அப்படியும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கும். அடோபியின் மிக்சாமோ போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் நடை, ஓட்ட அசைவுகளில் பெரும்பாலானவை பேன்ட் போட்ட உடம்பை மனதில் வைத்துச் செய்தவை. அந்த ஓட்டத்தைச் சேலை கட்டிய கேரக்டருக்குப் போட்டால், எவ்வளவு நன்றாக வெயிட் தீட்டியிருந்தாலும் இரண்டு கால்களும் அகலமாக விரிந்து துணியைக் கிழித்துக்கொண்டு வரும். சேலை கட்டியவர்கள் அப்படி ஓடுவதில்லை. அடியைச் சுருக்கி வைப்பார்கள், இல்லையென்றால் ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த இடத்தில் திருத்த வேண்டியது உடையை அல்ல, ஓட்டத்தை.